எந்த நாட்காட்டியின்படி?

கோலாலம்பூருக்கு வடக்கே, ரயில்பாதையும் பெருஞ்சாலையும் அருகருகே ஓடும் ரவாங் பட்டணத்தில் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி புதன்கிழமை பொழுது விடிந்தபோது, அந்த ஒரு நாள் சீனக் குடும்பங்களுக்குப் பாம்பு ஆண்டின் முதல் நாளாகவும், மலாய்க் குடும்பங்களுக்கு ஹிஜ்ரி 1446 ரெஜப் மாதத்தின் 29-ஆம் நாளாகவும், தமிழ்க் குடும்பங்களுக்குக் குரோதி வருஷம் தை மாதம் 16-ஆம் நாளாகிய தை அமாவாசையாகவும், தை முதல் தேதியையே ஆண்டுத் தொடக்கமாகக் கொள்ளும் தமிழன்பர்களுக்குத் திருவள்ளுவர் ஆண்டு 2056-இன் 16-ஆம் நாளாகவும் அமைந்தது. ஒரே சந்திரனுடைய ஒரே மறைவு ஒரு வீட்டில் புத்தாண்டு விருந்தாகவும், அடுத்த வீட்டில் நீத்தார்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் கடமையாகவும் வடிவெடுத்தது. அரசாங்கம் அன்று விடுமுறை விட்டது சீனப் பெருநாளின் பொருட்டேயாயினும், அந்த விடுமுறையின் நிழலில் அலுவல் தொல்லையின்றித் தர்ப்பணம் செய்து முடித்த தமிழர் பலர்.

இத்தகைய ஊரில் "இன்று என்ன நாள்?" என்று கேட்பவனுக்கு மறுமொழியாக இன்னொரு கேள்வியே முதலில் வரும்: எந்த நாட்காட்டியின்படி? அந்தக் கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வூரார் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். அண்மையில் செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்காகப் பொறியாளர்கள் அமைத்துவரும் கருவிகளுள், ஒரு மனிதருக்கு உரிய நாட்காட்டிகள் எவையெவை என்று பட்டியலிட்டுத் தருவது ஒன்று. செயலால் மிகச் சிறியது அது. ஆனால் அதற்கு எழுதப்படும் விளக்கக் குறிப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்று எண்ணிப் பார்க்கும்போது, ரவாங்கும் கிள்ளான் பள்ளத்தாக்கும் கடந்துவந்த காலக்கணிப்பின் சரித்திரம் முழுதும் அதற்குத் துணைநிற்கக் காண்கிறேன். ஆகவே அந்தச் சரித்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ரவாங் ஈயத்தால் பிறந்த ஊர். லம்பங்கள் என்னும் ஈயச் சுரங்கங்களைத் தேடிச் சீனத் தொழிலாளர் வந்து குடியேறிய இவ்வூரின் பெயர், 1890-களின் நடுவில் மலாயா முழுவதும் பரவிற்று. லோக் இயூ என்னும் சீனப் பெருவணிகரும், காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழ்ப் பெருமகனாரும் கூட்டாக நடத்திய சுரங்கத்தில் நீர் இறைக்கும் பொறிகளை மின்சாரத்தால் இயக்கினார்கள். மலாயாவில் மின்சாரம் முதன்முதலாக உற்பத்தியானது இங்கேதான். இந்தத் தம்புசாமிப் பிள்ளையே 1873-இல் கோலாலம்பூரில் மகா மாரியம்மன் கோயிலை நிறுவியவர். பத்துமலைக் குகையில் வேலை நாட்டி வழிபாட்டைத் தொடங்கிவைத்தவரும் அவரே. 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. ஒரே மனிதருடைய வாழ்வில் டைனமோவும் தைப்பூசமும் அருகருகே நின்றன என்பதை நான் மிக்க மதிப்போடு நினைக்கிறேன். புதிய யந்திரத்தையும் பழைய திதியையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதாத மனப்பான்மை இம்மண்ணின் தமிழருக்குத் தொடக்கத்திலேயே வாய்த்திருந்தது.

அக்காலத்து ரவாங்கில் கடிகாரமும் கதிரவனும் ஒத்துப்போயின. உச்சிப்பொழுதே பன்னிரண்டு மணி. கோலாலம்பூரின் உள்ளூர்ச் சூரிய நேரம் கிரீனிச் நேரத்துக்கு 6 மணி 46 நிமிஷம் 46 வினாடி முற்பட்டது; ரவாங் அதற்குச் சற்று மேற்கே இருப்பதால் வேறுபாடு அரை நிமிஷத்துக்கும் குறைவு. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ரயில், பின்னர் வடக்கே ரவாங்கைத் தொட்டுக்கொண்டு நீண்டபோது, ஊருக்கொரு நேரம் வைத்திருப்பது இயலாததாயிற்று. 1901-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து சிங்கப்பூரின் நேரமே மலாய் நாடுகளுக்கும் நேரமாயிற்று. 1905 ஜூன் முதல் தேதி அது கிரீனிச்சுக்கு முழுமையாக ஏழு மணி முற்பட்ட நேரமாகத் திருத்தப்பட்டது. 1933 ஜனவரியில் மேலும் இருபது நிமிஷம், 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிஷம் கூட்டப்பட்டன. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைச் சுமத்தியபோது, கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணிக்கு மேல் முந்திக்கொண்டு ஓடிற்று. ஆண்டும் மாறிற்று: பத்திரிகைகளின் தலைப்பில் 1942 என்பது மறைந்து 2602 என்று அச்சாயிற்று. 1945-இல் பழைய ஏழரை மணி திரும்பியது. கடைசியாக, தீபகற்பத்தையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்தின் கீழ்க் கொண்டுவரும் பொருட்டு, 1982-ஆம் ஆண்டு பிறந்த கணத்தில் மேலும் அரை மணி கூட்டி, இன்றுள்ள எட்டு மணிக் கணக்கு நிலைநாட்டப்பட்டது. இக்காலத்தில் பிறந்த ஒரு குழந்தையின் ஜாதகத்தைக் கணிப்பவர், இந்த மாற்றங்களுள் எது எப்போது நிகழ்ந்தது என்று அறியாமல் லக்கினத்தைச் சரியாகச் சொல்ல முடியாது.

இனித் தோட்டத்துக்குச் செல்வோம். ஈயத்துக்குப் பின் ரப்பர் வந்தது. ரப்பரோடு தமிழகத்து வடமாவட்டங்களிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. தோட்டத்து மனிதனின் வாழ்வை ஆண்ட நாட்காட்டி சுவரில் தொங்கவில்லை. அது கிராணி என்னும் எழுத்தரின் மேசைமேல் இருந்தது. செக்ரோல் என்னும் அந்தப் பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் தொழிலாளியின் பெயர் கீழ்நோக்கி வரிசையாக இருக்கும். மேலே 1 முதல் 31 வரை கட்டங்கள் குறுக்கே ஓடும். பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கு ஒரு குறியும், வராதவனுக்கு வேறு குறியும், பாதி வேலைக்கு மூன்றாவது குறியும் இடுவார்கள். மாத முடிவில் அந்தக் குறிகளின் கூட்டுத்தொகையே சம்பளம். தொழிலாளியின் முப்பது நாளும் அந்த ஒரு வரியில் அடங்கிக் கிடந்தன. எனினும் அவ்வரியில் ஒரு புள்ளியைத் திருத்தவும் அவனுக்கு அதிகாரமில்லை. எழுத வல்லவர் கிராணி. மாற்ற வல்லவர் துரை. மற்றவருக்கு அது கேட்டறியும் பொருள் மட்டுமே. நாட்காட்டியில் எழுதும் உரிமை யாருக்கு, படிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி கணினி யுகத்தில் பிறந்ததன்று என்பதற்கு இதனினும் கூரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேரேட்டுக்கு அப்பால், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டின் கூரைத் தாழ்வாரத்தில் செருகிவைத்த மற்றொரு நாட்காட்டி இருந்தது. அதுவே பஞ்சாங்கம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்டுப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் செல்லும் ரஜூலா போன்ற கப்பல்களில், பாயோடும் வெற்றிலைப் பெட்டியோடும் ஊர்ப் பஞ்சாங்கமும் வந்து இறங்கிற்று. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து அங்கங்களையும் நாள்தோறும் சொல்லும் அந்த மெல்லிய தாள் நூல், விதைப்புக்கும் விவாகத்துக்கும் மட்டுமன்றி, முடியிறக்குவதற்கும் புது லயத்தில் பால் காய்ச்சுவதற்கும் வழிகாட்டியது.

ஆயின் இங்கேதான் பெரியதொரு சிக்கல் புகுந்தது. பஞ்சாங்கத்தில் நாழிகைக் கணக்கு அந்தந்த ஊர் உதயத்திலிருந்து தொடங்குவது. சென்னைக்கு ஏறத்தாழ 21 பாகை கிழக்கே இருக்கும் ரவாங்கில், ஒரு பாகைக்கு நான்கு நிமிஷ வீதம், கதிரவன் ஏறக்குறைய 85 நிமிஷம் முன்னதாகவே உதிக்கிறான். நாழிகையில் சொன்னால் மூன்றரை. சென்னையில் உதயத்துக்குப் பின் இரண்டு நாழிகையில் முடியும் திதி, ரவாங்கில் உதயத்துக்குப் பின் ஐந்தரை நாழிகை வரையில் நிற்கும். சென்னையில் உதயத்துக்கு ஒரு மணி முன்பே முடிந்துபோன திதியோ, ரவாங்கில் பொழுது விடியும்போதும் உயிரோடு இருக்கும். ஆகவே உதயகாலத் திதியைக் கொண்டு நிர்ணயிக்கும் விரதமொன்று, சென்னையில் நேற்றாகவும் ரவாங்கில் இன்றாகவும் வருவதற்கு முழு நியாயம் உண்டு. நூலில் அச்சான எண் பிழையானதன்று. அது வேறொரு மண்ணுக்காகக் கணித்த எண். மேலே சொன்ன தை அமாவாசையையே பாருங்கள். சந்திரன் சூரியனோடு கூடிய கணம் ஒன்றே; இந்திய நேரத்தில் அது மாலை 6 மணி 6 நிமிஷம், மலேசிய நேரத்தில் இரவு 8 மணி 36 நிமிஷம்.

இராகு காலத்தின் கதையும் இத்தகையதே. பகற்பொழுதை எட்டாகப் பகுத்து ஒரு கூற்றை இராகுவுக்கு ஒதுக்குவது மரபு. காலை ஆறு மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டு, திங்களன்று 7.30 முதல் 9 வரை என்று அச்சிட்ட வாய்பாடு உலகெங்கும் பரவிவிட்டது. பூமத்திய ரேகைக்கு அண்மையில், மூன்று பாகையை ஒட்டிக் கிடக்கும் ரவாங்கில் பகல் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணியை விட்டு அதிகம் விலகுவதில்லையாதலால், அந்த வாய்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1901-க்கு முன் ஒரு திருத்தமுமின்றி அதை இங்கே பயன்படுத்தியிருக்கலாம். இன்றோ இங்கு ஏறக்குறைய ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் உதயம். உச்சிப்பொழுது ஒரு மணி 13 நிமிஷத்தை ஒட்டி வருகிறது. ஆகையால் திங்கட்கிழமை இராகு காலம் 8.43-க்குத் தொடங்கி 10.13-க்கு முடிவதே கணக்குக்கு ஒத்தது. கோயில் சந்நிதியில் குருக்களிடம் "சாமி, இது இந்தியா நேரமா, நம்ம நேரமா?" என்று தாய்மார் கேட்கும் வழக்கம் இன்றைக்கும் உண்டு. சாஸ்திரம் பயிலாத அவர்கள் கேட்கும் அந்த ஒரு வினாவில், நேர மண்டலம் என்ற கருத்து முழுமையும் அடங்கியிருக்கிறது.

இடத்தால் வந்த வேறுபாடு இது. முறையால் வந்த வேறுபாடு மற்றொன்று. வழிவழியாக மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு கிரக நிலைகளைக் கணிப்பது வாக்கியப் பஞ்சாங்கம். வானத்தில் காணும் நிலையோடு ஒத்துவரும்படி திருத்திக் கணிப்பது திருக்கணிதம். சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், 1880-இல் காலமாகும் வரை, பின்னைய முறையிலமைந்த பஞ்சாங்கத்தைப் பரப்புவதற்குப் பெரும்பாடு பட்டார். மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவருக்கு, வானத்தில் கண்ணால் காண்பதும் ஏட்டில் எழுதியிருப்பதும் சில நாழிகை வேறுபடுவதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. இருப்பினும் வாக்கியம் வழக்கொழியவில்லை. கோயில்கள் பலவும் அதையே இன்னும் பின்பற்றுகின்றன. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பிய சைவப் பெருமக்கள், தங்கள் ஊர்ப் பஞ்சாங்கங்களையும் உடன் கொண்டுவந்தார்கள். அவற்றுள்ளும் வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. சித்திரை வருஷப் பிறப்பின் புண்ணிய காலம் இரண்டிலும் வெவ்வேறு நேரத்தில் வரும். ஒரே தெருவில் தமிழகத்துக் குடும்பமும் யாழ்ப்பாணத்துக் குடும்பமும் அடுத்தடுத்து வாழ்ந்து, ஒரே புத்தாண்டை வேறு வேறு நாழிகையில் வரவேற்றதில் யாரும் குறை காணவில்லை. ஏனெனில் ஒவ்வொரு பஞ்சாங்கத்தின் முகப்பிலும், அது எந்த முறையால், எந்த ஊருக்காகக் கணிக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தது.

அந்த முகப்புக் குறிப்பை நான் பெரிதும் போற்றுகிறேன். உள்ளே இருக்கும் முந்நூற்று அறுபத்தைந்து நாளின் நுணுக்கமும், முதற்பக்கத்தில் உள்ள அந்தச் சில வரிகள் இல்லாவிடில் ஆபத்தாகவே முடியும். இதைத் தேச அளவில் உணர்ந்து செய்த காரியம் ஒன்று உண்டு. சுதந்திர இந்தியா 1952-இல் மேகநாத சாஹாவின் தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தபோது, அக்குழு புதிய நாட்காட்டியை வகுக்கப் புகுமுன் நாட்டில் வழங்கும் நாட்காட்டிகளை எண்ணிப் பார்த்தது; ஏறத்தாழ முப்பது இருந்தன. எவை சூரிய மானம், எவை சந்திர மானம், எங்கே ஆண்டு தொடங்குகிறது என்பதையெல்லாம் ஆராய்ந்து 1955-இல் அறிக்கை அளித்தது. 1957 மார்ச் 22-இல் அமலுக்கு வந்த தேசிய நாட்காட்டிக்கு, கிழக்கு 82 பாகை 30 கலை, வடக்கு 23 பாகை 11 கலை என்று கணிப்புக்குரிய இடத்தையும் வரையறுத்துச் சொன்னார்கள். அந்த நாட்காட்டி மக்கள் வாழ்வில் வேர் பிடிக்கவில்லை. அதைவிட அறிக்கையே நிலைத்த பயன் உடையது என்பது என் எண்ணம். அதற்கு முன்பே 1922-இல் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வெளியிட்ட இந்தியப் பஞ்சாங்கத் தொகுதிகளையும் இங்கே நினைக்கவேண்டும். கல்வெட்டில் காணும் ஒரு திதியை ஆங்கிலத் தேதியாக்க விரும்பும் ஆராய்ச்சியாளர், நூறு ஆண்டுக்குப் பின்னும் அவர் வாசலிலேயே நிற்கிறார்கள்.

மலாயா விடுதலை பெற்று மலேசியா ஆனபின், சுவரில் தொங்கும் அச்சுக் காலண்டர் இந்தப் பன்மையை ஒரே தாளில் ஏந்தும் கலையைக் கற்றுக்கொண்டது. குதிரைப் பந்தய நாளுக்குக் குதிரைப் படம் போட்டமையால் குதிரைக் காலண்டர் என்றே பெயர்பெற்ற அந்தப் பெரிய எழுத்து நாட்காட்டியை இந்நாட்டில் காணாத வீடு குறைவு. ஒரு கட்டத்தின் நடுவில் பெரிய ஆங்கிலத் தேதி; மூலையில் சீனச் சந்திர மாதத்தின் நாள்; அதன் அருகே ஹிஜ்ரி; சிலவற்றில் தமிழ்த் தேதியும் உண்டு. மாநிலங்களின் வார விடுமுறை வேறுபடுவதால் பள்ளி விடுமுறையும் இரு பிரிவாக அதில் குறித்திருக்கும். கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வெள்ளியும் சனியும் ஓய்வு நாட்கள். ஜொகூர் 2014-இல் அவ்வழிக்கு மாறி, 2025 ஜனவரியில் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. நோன்புப் பெருநாளின் தேதியோ, பிறை பார்க்கும் மரபுக்கு இணங்க, மலாய் மன்னர்களின் முத்திரைக் காப்பாளர் முதல்நாள் இரவு அறிவிக்கும் வரை முடிவானதன்று. எனவே அச்சில் அதற்கு முன் ஒரு சிறு நட்சத்திரக் குறி இட்டு, மாறுதலுக்கு உட்பட்டது என்று அடியில் எழுதினார்கள். சுவர்க் காலண்டர் அச்சிட்டவர்கள் தமக்கு உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் வேறுபடுத்திக் காட்டிய அந்த நேர்மை பாராட்டத்தக்கது.

ஆயினும் அவர்களால் தீர்க்கமுடியாத ஒரு முரண்பாடு ரவாங்வாசிகளுக்கு நெடுங்காலம் இருந்தது. ரவாங் சிலாங்கூரில் இருக்கிறது. 1974 பிப்ரவரி முதல் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. சிலாங்கூரில் தைப்பூசம் பொது விடுமுறை. கோலாலம்பூரில் 2007 வரை அது வேலை நாள். ரவாங்கிலிருந்து காலை ரயிலில் தலைநகருக்கு வேலைக்குச் செல்லும் தமிழர்க்கு, வீடு இருக்கும் ஊரில் விடுமுறை, சம்பளம் தரும் ஊரில் இல்லை. தைப்பூச ரதம் புறப்படும் மாரியம்மன் கோயில் விடுமுறையில்லாத கோலாலம்பூரில், அது சென்றடையும் பத்துமலை விடுமுறையுள்ள சிலாங்கூரில் என்பது அந்நாளைய நிலை. பிள்ளைக்குப் பள்ளி இல்லை. தந்தைக்கு அலுவலகம் உண்டு. காவடிக்கோ நாள் மாறாது. ஒரு குடும்பத்தின் நாட்காட்டி இரண்டாகப் பிளந்து நின்ற அந்த அனுபவத்தை, நாடு முழுமைக்கும் ஒன்றாகத் தயாரிக்கப்பட்ட எந்தப் பட்டியலும் காட்டவில்லை.

கணினிக்குள் காலம் புகுந்த வரலாற்றை விரைந்து கடப்போம். ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியை மற்றொன்று படிக்கும்படியான பொது வடிவம் 1998-இல் வகுக்கப்பட்டு, 2009-இல் திருத்தி எழுதப்பட்டது. ஐகேலண்டர் என்பது அதன் பெயர். கூகுள் கேலண்டர் 2006 ஏப்ரலில் வெளிவந்தது. உலகத்து ஊர்களின் நேர மாற்றங்களை எல்லாம் தொகுத்து வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளம் ஒன்றும் உண்டு. தன்னார்வத் தொண்டர்கள் பேணிவரும் அதில், மேலே நான் சொன்ன 1901, 1905, 1933, 1941, 1942, 1945, 1982 ஆகிய திருப்பங்கள் யாவும் வரிவரியாகப் பதிவாகியுள்ளன. 2022-இல் அதன் அமைப்பாளர்கள், 1970-க்குப் பிறகு ஒரே நேரம் காட்டும் ஊர்களை ஒன்றாக இணைத்தபோது, ஆசியா/கோலாலம்பூர் என்னும் பதிவு சிங்கப்பூரைச் சுட்டும் இணைப்பாக மாறியது. கோலாலம்பூருக்கே உரிய 6 மணி 46 நிமிஷம் 46 வினாடி, இயல்பான அமைப்பில் எடுத்துக்கொள்ளப்படாத துணைக் கோப்புக்குச் சென்றது. இன்றைய அலுவலுக்கு அதனால் இடையூறு ஒன்றுமில்லை. 1900-ஆம் ஆண்டில் பிறந்த பாட்டனாரின் ஜாதகத்தைத் திருத்த விரும்பும் பேரனுக்கு மட்டும் ஒன்பது நிமிஷத்துக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு வரும்.

இப்போது முகவர்களுக்கு வருவோம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், மொழி மாதிரிகள் வெளிக் கருவிகளைப் பயன்படுத்துவதற்கான பொது நெறிமுறை ஒன்றை வெளியிட்டது முதல், நாட்காட்டிக்கான கருவிகள் பலராலும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றில் நிகழ்ச்சியைப் படிப்பதற்கு ஒன்று, புதிதாக எழுதுவதற்கு ஒன்று, அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பதாக நாட்காட்டிகளைப் பட்டியலிடுவதற்கு ஒன்று. அழைத்தால், அந்த மனிதருடைய கணக்கில் உள்ள ஒவ்வொரு நாட்காட்டியின் அடையாளக் குறியீடு, பெயர், நேர மண்டலம், முதன்மையானதா இல்லையா என்பது, அதில் எழுதும் உரிமை உண்டா, படிக்கும் உரிமை மட்டுமா, அல்லது நேரம் ஓய்வாக உள்ளதா இல்லையா என்று மட்டும் அறியும் உரிமையா என்பது ஆகியவற்றை அது திருப்பித் தருகிறது. அவ்வளவே அதன் தொழில்.

இக்கருவியைப் பயன்படுத்தப்போகும் முகவர், நிரலின் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது கருவியோடு சேர்த்து எழுதப்பட்ட விளக்கக் குறிப்பு ஒன்றே. பஞ்சாங்கத்தின் முகப்புப் பக்கம் எந்த இடத்தில் நின்றதோ, அதே இடத்தில் இக்குறிப்பு நிற்கிறது. "நாட்காட்டிகளைப் பட்டியலிடும்" என்று மட்டும் எழுதி முடித்துவிடும் குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அதை வாசிக்கும் மாதிரி, பட்டியலைக் கேளாமலே முதன்மை நாட்காட்டியைத் திறந்து, அதில் ஒன்றுமில்லையாதலால் அன்றைய தினம் ஓய்வு என்று சொல்லிவிடும். ரவாங் குடும்பத்தலைவியோ, கோயில் கூட்டங்களை ஒரு நாட்காட்டியிலும், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளை மற்றொன்றிலும், அலுவலகத்தார் பகிர்ந்ததை மூன்றாவதிலும் வைத்திருக்கிறார். சென்னையிலுள்ள தமக்கை பகிர்ந்த குடும்ப விசேஷ நாட்காட்டி இந்திய நேரத்தில் இருக்கிறது. அதில் காலை 7.30 மணி முகூர்த்தம் என்பது ரவாங்கில் பத்து மணி.

ஆகவே நல்ல குறிப்பு என்ன சொல்லவேண்டும்? நிகழ்ச்சிகளைத் தேடுமுன் இதனை அழைக்கவேண்டும் என்பதையும், இது நாட்காட்டிகளின் பெயர்களையே தரும், நிகழ்ச்சிகளைத் தராது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும். ஒரே பெயருள்ள இரு நாட்காட்டிகள் இருக்கக்கூடும் ஆதலால், அடுத்த கருவிக்குக் கொடுப்பது பெயரன்று, அடையாளக் குறியீடு என்று தெளிவுபடுத்தவேண்டும். ஒவ்வொரு நாட்காட்டிக்கும் தனி நேர மண்டலம் இருப்பதையும், அது பயனாளி வாழும் ஊரின் நேரமாக இருக்கவேண்டும் என்ற நியதி இல்லையென்பதையும் வற்புறுத்தவேண்டும். படிக்க மட்டும் உரிமையுள்ள நாட்காட்டியில் எழுத முயல்வது தோல்வியுறும். எழுத விரும்பினால் உரிமையுள்ளவற்றுள் எது என்று பயனாளியைக் கேட்பதே முறை. பயனாளி மறைத்துவைத்தவை பட்டியலில் வாராமல் போகலாம்; ஆகவே பட்டியலில் இல்லாததை உலகத்திலேயே இல்லாததாக முகவர் கருதிவிடக்கூடாது. பட்டியல் நீண்டால் பகுதி பகுதியாக வரும். முதற்பகுதியோடு நின்றுவிடுவது பெரும்பிழைக்கு வழி. இத்தனையும் பத்து வரிக்குள் அடங்கும். பத்து வரி எழுதுவதற்குச் சோம்பி, பயனாளியின் ஒரு திதியைத் தவறவிடச் செய்வது எனக்கு மன்னிக்கக்கூடியதாகத் தோன்றவில்லை. அமாவாசைத் தர்ப்பணத்தை மறுநாள் செய்ய இயலாது.

இவற்றுள் உரிமை பற்றிய பகுதியே எனக்கு மிகவும் நெருக்கமானது. செக்ரோலில் தன் நாட்கள் எவ்வாறு குறிக்கப்பட்டன என்று பார்க்கவும் வகையற்றிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் நாட்காட்டிகளைத் தாமே ஆள்கிறார்கள். அவர்கள் சார்பில் ஒரு முகவர் அவற்றைத் தொடும்போது, எது அவர்களுடைய சொந்தம், எது பிறர் இரவலாகக் காட்டுவது, எதில் கை வைக்கலாம், எதில் கண் மட்டும் வைக்கலாம் என்பதைக் கருவியின் குறிப்பு ஐயமற உரைக்க வேண்டும். நேர மண்டலத்தைப் பிழைத்தால் ஒரு சந்திப்பு கெடும். உரிமையைப் பிழைத்தால் பிறருடைய நாள் கெடும்.

2026-ஆம் ஆண்டு இதற்கு ஏற்றதொரு சோதனையைத் தந்தது. அவ்வாண்டு தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கூட்டரசுப் பிரதேச தினமும் அதே தேதி. ஞாயிறன்று விழும் பொது விடுமுறைக்குத் திங்கட்கிழமை ஈடாக விடப்படும் வழக்கப்படி, சிலாங்கூரில் பிப்ரவரி 2-ஆம் தேதி விடுமுறை. ரவாங்கில் வாழ்ந்து, சென்னை நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே பணிபுரியும் ஒருவர், "திங்கட்கிழமை காலை எனக்கு வேலை உண்டா?" என்று தம் முகவரைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் முன் நிற்பவை: மலேசிய விடுமுறைகளின் நாட்காட்டி, படிக்க மட்டும்; சிலாங்கூர் மாநிலப் பள்ளி நாட்காட்டி, அதுவும் படிக்க மட்டும்; சென்னை அலுவலக நாட்காட்டி, இந்திய நேரத்தில், எழுதும் உரிமையோடு; கோயில் திருப்பணிக் குழுவின் நாட்காட்டி, எழுதும் உரிமையோடு; முதன்மை நாட்காட்டி, வெறுமையாக. சென்னை அலுவலகத்துக்குச் சிலாங்கூரின் ஈடு விடுமுறை தெரியாது. அங்கே காலை 9.30 மணிக்குக் கூட்டம் குறித்திருக்கிறது. குறிப்பைப் படித்துத் தெளிந்த முகவர் ஐந்தையும் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எந்த நேரத்தைச் சேர்ந்தது என்று கூறி, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, அலுவலகக் கூட்டமோ நம் நேரத்தில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உண்டு, அதற்கு வர இயலாது என்று எழுத விரும்புகிறீர்களா என்று கேட்கும்.